மறதி நோயும் மூளையின் மின்சாரமும்

(பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், மறதி நோய் என்பது என்ன என்பதும், அந்நோயை முன்கூட்டியே கண்டறிய மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்து பார்ப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பதுமாகும். “இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, பொதுக்கூட்டத்தில் பேசுவானேன்?” என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். வைத்தியம் செய்வது டாக்டருடைய வேலைதான். ஆனால் டாக்டரிடம் போக வேண்டும் என்கின்ற எண்ணமே ஜனங்களுக்குத் தோன்றாதபடி எது தடுத்துக் கொண்டிருக்கின்றதோ, அதை எடுத்துக் காட்டுவது நம்முடைய வேலை என்று கருதியே இதைப் பேச வந்திருக்கின்றோம்.

நம் ஊர்களில் ஒரு கிழவர், சாப்பிட்ட அரைமணிக்கெல்லாம் “எனக்கு ஏன் சோறு போடவில்லை?” என்று சண்டைக்கு வருகின்றார். பெற்ற மகளைப் பார்த்து “நீ யார் வீட்டுப் பெண்?” என்கின்றார். நாற்பது வருஷம் நடந்த வரப்பிலே வழி தெரியாமல் நிற்கின்றார். இதற்கு நாம் என்ன சொல்லுகின்றோம்? “வயதாகிவிட்டது, அறளை பெயர்ந்து விட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம். இன்னும் சிலர் “தலையெழுத்து” என்கின்றார்கள். வேறு சிலர் “ஏழரை நாட்டான் பிடித்திருக்கின்றான்” என்று ஜோசியரிடம் போகின்றார்கள்.

தோழர்களே! சற்று யோசித்துப் பாருங்கள். வயதுதான் காரணம் என்றால் எண்பது வயதிலும் கடன் பத்திரத்தின் தேதி முதற்கொண்டு தப்பாமல் சொல்லுகின்ற பாட்டன்மார்கள் எப்படி இருக்கின்றார்கள்? தலைநரைத்த எல்லோருக்கும் வராமல் சிலருக்கு மாத்திரம் வருவது என்றால், அது வயதல்ல, வியாதி என்பது பிரத்தியட்சமாக விளங்கவில்லையா? மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது வயது. கண்ணாடி எதற்கு என்பதையே மறப்பது வியாதி. வயது ஏற ஏற அந்த வியாதி வருவதற்கு இடம் அதிகமாகின்றது என்பது உண்மை. ஆனாலும் வயதே வியாதியாகி விடாது.

இது எங்கோ ஒருவருக்கு வருகின்ற அபூர்வ வியாதியும் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-ம் வருஷத்தில் உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்நோயோடு இருந்தார்கள். அவர்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் ஏழை நாடுகளிலும், நடுத்தர வரும்படியுள்ள நாடுகளிலும் இருக்கின்றவர்கள். இந்திய நாட்டில் பல மாகாணங்களிலும் ஆட்களை நேரில் சோதித்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கின்றார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கும், பட்டணத்தாரைவிடக் கிராமத்தாருக்கும், படித்தவர்களைவிடப் படிப்பில்லாதவர்களுக்கும் அது அதிகம் என்றும் அதே ஆராய்ச்சி சொல்லுகின்றது. அதாவது எவர்களுக்கு வாய் இல்லையோ அவர்கள் தலைமீதே இந்தப் பாரமும் விழுந்திருக்கின்றது.

இதில் மற்றொரு கொடுமையைப் பாருங்கள். மறதி நோயில் பலவகை உண்டு. லூயி வகை என்பதாக ஒன்றிருக்கின்றது. அந்த வகையில் நோயாளியின் கண்ணுக்கு இல்லாத குழந்தைகளும், ஆட்களும், பிராணிகளும் தத்ரூபமாகத் தெரியும். “மூலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கின்றது” என்று அந்தத் தாய் சொன்னால் வீட்டார் என்ன செய்கின்றார்கள்? பேய் என்று தீர்மானித்துப் பூசாரியை அழைத்து வருகின்றார்கள். உடுக்கை அடியும், வேப்பிலை அடியும், மிளகாய்ப் புகையும் அந்த நோயாளியின் மேல் விழுகின்றன. மூளையில் புண்பட்ட ஒரு கிழவியை ராத்திரி முழுவதும் தூங்கவிடாமல் அடிப்பதற்குப் பெயர் வைத்தியமா என்று கேட்கின்றோம். கால் ஒடிந்தவனை ஓடச் சொல்லி அடிப்பார் உண்டா? கால் ஒடிந்தது கண்ணுக்குத் தெரிகின்றது; மூளை கெட்டது தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இருட்டில்தான் பூசாரியும் ஜோசியரும் கடை வைத்திருக்கின்றார்கள்.

அந்த இருட்டில் முதன்முதல் விளக்கைக் கொண்டு போனவர்களில் ஒருவர் ஜெர்மனி தேசத்து டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர் என்பவர். 1901-ல் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு 51 வயதுள்ள ஒரு பெண்மணி கொண்டுவரப்பட்டார். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியிலே மறந்து போவார். அல்ஸைமர் அவர் சொன்னவற்றையெல்லாம் எழுதி வைத்தார். 1906-ல் அவர் இறந்த பிறகு, மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். உயிரணுக்களுக்கு வெளியே ஒருவிதக் கசடு திட்டுத்திட்டாகவும், உள்ளே சிக்கு விழுந்த நூலைப் போன்ற இழைகளும் இருக்கக் கண்டார். அந்த வருஷமே அதை டாக்டர்கள் சபையில் எடுத்துச் சொன்னார். 1910-ல் அந்த வியாதிக்கு அவருடைய பெயரே இடப்பட்டது. இன்று மறதி நோயாளிகளில் 100-க்கு 60 முதல் 70 பேர் வரை இந்த அல்ஸைமர் வகையைச் சேர்ந்தவர்கள். அங்கே பேயும் இல்லை, சனியும் இல்லை. கசடும் சிக்கும்தான் இருந்தன.

ஆனால் இதில் ஒரு கஷ்டம். செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்து வியாதியைச் சொல்லுவதால் செத்தவருக்கு என்ன லாபம்? உயிரோடு இருக்கும்போதே, மண்டையோட்டைத் திறக்காமலே, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதுதான் கேள்வி. அந்த வழிகளில் ஒன்றுதான் மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது.

நம்முடைய மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மின்சாரத்தாலும் சில ரசாயன வஸ்துக்களாலுமாகும். 1875-ல் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து டாக்டர் ரிச்சர்ட் கேட்டன் என்பவர், முயல், குரங்கு இவற்றின் மூளையில் மின்சார ஓட்டம் இருப்பதைக் கண்டு சொன்னார். மனிதன் மூளையிலிருந்து அதை முதன்முதல் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்திலிருந்த ஹான்ஸ் பெர்கர் என்னும் டாக்டர்.

இந்தப் பெர்கரின் கதை பகுத்தறிவுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையாகும். அவர் வாலிபத்தில் பட்டாளத்தில் இருந்தபோது ஒருநாள் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அவர் தகப்பனாரிடமிருந்து “சுகமா?” என்று தந்தி வந்தது. அவருடைய சகோதரிக்கு அவரைப் பற்றி ஏதோ விபரீதமாகத் தோன்றியதாம். பெர்கர், தம் மனத்திலிருந்து சகோதரியின் மனத்துக்கு ஏதோ ஒரு சக்தி போயிருக்கின்றது என்று நம்பினார். அதை நம் நாட்டான் ஒருவன் நம்பியிருந்தால் ஒரு மடம் கட்டி உண்டியல் வைத்திருப்பான். பெர்கர் என்ன செய்தார்? “அப்படி ஒரு சக்தி உண்டானால் அதை அளந்து பார்க்க முடியவேண்டும்” என்று கருதி, கம்பியையும் கருவியையும் எடுத்துக்கொண்டு வருஷக்கணக்காக உழைத்தார். 1924-ல் மனித மூளையின் மின்சாரம் அவர் கருவியில் பதிவாயிற்று. அவசரப்பட்டுத் தம்பட்டம் அடிக்காமல், ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-ல்தான் வெளியிட்டார். மனத்துக்கு மனம் தந்தி போவதை அவர் காணவில்லை. காண முடியவும் இல்லை. கண்டது, கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்குப் பத்து வீதம் எழும் ஓர் அலையையும், கண்ணைத் திறந்தவுடன் அது அடங்கிப் போவதையும்தான். முதலில் பலர் அவரை நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்ற இரண்டு அறிஞர்கள் தாங்களே செய்து பார்த்து உண்மைதான் என்றார்கள். தேடப் போனது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றாலும், கிடைத்ததைக் கிடைத்தபடி ஒப்புக்கொண்டார்களே, அந்த யோக்கியதைக்குப் பெயர்தான் விஞ்ஞானம். அவர்கள் யாரும் “நம்பு” என்று சொல்லவில்லை; “நீயும் செய்து பார்” என்றுதான் சொன்னார்கள்.

நிற்க, அந்தப் பதிவு எப்படி எடுக்கப்படுகின்றது என்பதைச் சொல்லுகின்றோம். தலையில் சுமார் இருபது இடங்களில் சிறு வில்லைகளை ஒருவிதப் பசை வைத்து ஒட்டுகின்றார்கள். அவற்றிலிருந்து கம்பி யந்திரத்துக்குப் போகின்றது. ஊசி குத்துவதில்லை, கத்தி இல்லை, வலி இல்லை. யந்திரம் மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதாகச் சிலர் பயப்படுகின்றார்கள். அது தவறு. யந்திரம் கொடுப்பதில்லை, கேட்டுக் கொள்ளுகின்றது, அவ்வளவுதான். அந்த மின்சாரமும் மிகச் சொற்பம். ஒரு டார்ச்சு லைட் கட்டையில் இருப்பதில் சுமார் 30,000-ல் ஒரு பங்குதான். ஆகவே அதைப் பெருக்கிக் காட்டுகின்றார்கள். இதற்கு இ.இ.ஜி. என்று பெயர். காக்காய் வலிப்பு நோயைக் கண்டுபிடிக்க இந்த யந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கின்றது.

நெசவாளர் தெருவில் நடந்து போனவர்களுக்கு இது எளிதாக விளங்கும். வீட்டுக்குள் போகாமல் தெருவில் நின்றே தறிச் சத்தத்தைக் கேட்கலாம். எந்த வீட்டில் வேலை சுறுசுறுப்பாக நடக்கின்றது, எங்கே மந்தப்பட்டிருக்கின்றது என்று காதாலேயே சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே நெய்வது வேட்டியா, சேலையா, கரை என்ன நிறம் என்பது தெருவில் நிற்பவனுக்குத் தெரியாது. அதைப் போலத்தான் இந்த யந்திரமும். மூளை வேலை செய்யும் தாளத்தை அது சொல்லும். மனிதன் மனத்தில் நினைப்பதைப் படித்துச் சொல்லாது.

சரி, மறதி நோயில் அந்தத் தாளம் என்ன ஆகின்றது? அது மந்தப்படுகின்றது. சாதாரணமாகக் கண்ணை மூடிய நிலையில் வினாடிக்கு 8 முதல் 13 வரை எழ வேண்டிய அலை குறைந்து, 4 முதல் 8 வரையுள்ள மெதுவான அலை அதிகமாகின்றது. நோய் முற்ற முற்ற அதற்கும் கீழே போகின்றது. இதற்குக் காரணம், அணுக்கள் ஒன்றோடொன்று பேசுகின்ற சந்திப்புகள் அழிந்து போவதும், அப்பேச்சுக்கு உதவும் அசிடைல்கோலின் என்னும் வஸ்து குறைந்து போவதுமாகும். மேலே சொன்ன லூயி வகையில் தலையின் பின்பக்கத்து அலை மந்தப்பட்டு ஏறி இறங்குவதை, அந்த வகைக்கு ஒரு துணை அடையாளமாகவே 2017-ல் பல தேசத்து டாக்டர்கள் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். சில மாதங்களிலேயே ஆளைக் கொன்றுவிடுகின்ற கிராய்ட்ஸ்பெல்ட்–யாக்கோப் என்ற அபூர்வமான வகையில், வினாடிக்கு ஒன்று வீதம் கூரிய அலைகள் வருவதும் உண்டு. இன்னும் சிலருக்கு மறதிக்குக் காரணம், உடம்பு உதறாமல் மூளைக்குள்ளேயே நடக்கும் ஒருவித வலிப்பாக இருக்கும். அதை இந்தப் பதிவு காட்டிக் கொடுத்துவிட்டால் மருந்தாலேயே மறதி குறையவும் கூடும்.

இனி, இக்கூட்டத்துக்கு முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம். மறதி நோயைச் சோதிக்கச் சாதாரணமாகக் கேள்வித்தாளே உபயோகிக்கப்படுகின்றது. 1975-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட 30 மார்க்குச் சோதனை உலகமெங்கும் பிரசித்தம். 100-லிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல், ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று அதில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்த ஒரு பாட்டியிடம் போய் “வாக்கியம் எழுது” என்றால் என்ன ஆகும்? மூளை நன்றாக இருந்தாலும் அவள் தோற்றுப் போவாள். நன்றாகப் படித்த உத்தியோகஸ்தரோ, மூளை பாதி கெட்ட பிறகும் பழைய பழக்கத்தால் தேறிவிடக் கூடும். எழுத்தறியாதவர்களுக்கென்று தனிக் கேள்விகள் நம் நாட்டில் அமைத்திருக்கின்றார்கள் என்பது உண்மை. ஆனாலும் கேள்வி என்றால் பாஷையும், பயமும், வெட்கமும் குறுக்கே வரத்தானே செய்யும்? மூளையின் அலைக்குப் பாஷை இல்லை, கைநாட்டு வித்தியாசமும் இல்லை. இந்தக் காரணத்துக்காகவே இந்த முறையின்மேல் நமக்குத் தனி அக்கறை உண்டாகின்றது.

இங்கிலாந்தில் பாத் சர்வகலாசாலையார் 2021-ல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். முதலில் சில படங்களைக் காட்டுகின்றார்கள். பிறகு அந்தப் படங்களையும் புதிய படங்களையும் கலந்து, திரையில் வேகமாக ஓட விடுகின்றார்கள். பார்ப்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை, பொத்தான் அமுக்க வேண்டியதில்லை. முன் பார்த்த படம் வரும்போது அவர் மூளை தானாகவே அடையாளம் காட்டுகின்றது. அல்ஸைமர் நோயாளிகளிடம் அந்த அடையாளம் குன்றிப் போயிருந்தது. எல்லாம் சுமார் மூன்று நிமிஷ வேலை. 2025-ல் அதையே வீடுகளுக்குக் கொண்டுபோய், நோய் முற்றாமல் ஞாபகம் சற்றே குறையத் தொடங்கினவர்களிடமும் வித்தியாசத்தைக் கண்டிருக்கின்றார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துப் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தார், வயதானவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமான கோடுகளைத் திரையில் காட்டி, அப்போது மூளையில் எழும் காமா என்ற வேகமான அலையை அளந்து பார்த்து, நோய் தொடங்கினவர்களிடம் அது பலவீனப்பட்டிருப்பதை 2021-ல் வெளியிட்டிருக்கின்றார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “சரி, யந்திரத்தைத் தலையில் மாட்டினால் எல்லாம் தெரிந்துவிடும்” என்று புறப்பட்டு விடாதீர்கள். பூசாரியை நம்பின புத்தியைக் கொண்டே யந்திரத்தையும் நம்பினால் அது பகுத்தறிவாகாது. பெங்களூர் சோதனையில் நோயாளிகளின் எண்ணிக்கை சொற்பம். பாத் சோதனையும் ஊர்தோறும் உபயோகத்துக்கு வந்துவிடவில்லை. மேலும், அலை மந்தப்படுவது மறதி நோயில் மாத்திரம் அல்ல. தூக்கக் கலக்கம், ஈரல் கெடுதல், ரத்தத்தில் சர்க்கரை குறைதல், சில மருந்துகள், காய்ச்சலில் வரும் பிதற்றல் இவற்றிலும் அது மந்தப்படும். நோய் ஆரம்பத்தில் இருக்கும்போது பதிவு ஒழுங்காகவே இருப்பதும் உண்டு. ஆகவே இந்தப் பதிவை மாத்திரம் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு என்றோ, இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லுவது அயோக்கியத்தனமாகும். விசாரணை, ரத்தப் பரீட்சை, மூளைப் படம் இவற்றோடு சேர்த்துப் பார்ப்பதற்கு இது ஒரு சாட்சி. ஒரே சாட்சியைக் கொண்டு தூக்குத் தண்டனை விதிக்கலாமா? தலைப்பட்டையை மாட்டி “பத்து நிமிஷத்தில் உங்கள் ஞாபக சக்தியைச் சொல்லுகின்றோம்” என்று யாராவது பணம் கேட்டால், “எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? எத்தனை தடவை தப்பிற்று?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவன், கோட்டுப் போட்ட பூசாரியே தவிர வேறல்ல.

“பூரணமாகக் குணப்படுத்த மருந்தில்லாத வியாதியை முன்கூட்டி அறிந்து என்ன பிரயோஜனம்? அறியாமல் இருப்பதே நிம்மதி அல்லவா?” என்று ஒரு கேள்வி. இது நியாயமான கேள்விதான். இதற்கு நான்கு சமாதானம் சொல்லுகின்றோம்.

முதலாவது, மறதி நோயைப் போலவே தோன்றுகின்ற வேறு கோளாறுகள் இருக்கின்றன. பி-12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்ல ரத்தம் கட்டுவது, மருந்துகளின் கெடுதல் இவை அவற்றில் சில. இவற்றுக்கு வைத்தியம் உண்டு. “விதி” என்று மூலையில் தள்ளப்பட்ட சிலர் எழுந்து நடமாட வேண்டியவர்கள். இரண்டாவது, அல்ஸைமர் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் லெகானெமாப், டொனானெமாப் என்ற மருந்துகளை அமெரிக்க சர்க்கார் 2023-லும் 2024-லும் முழுதாக அனுமதித்திருக்கின்றார்கள். அவை நோயைப் போக்குவன அல்ல. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் உண்டாக்கக் கூடியவை. விலையும் ஏழைக்கு எட்டாதது. ஆனால் அவை பலன் தருவது ஆரம்பத்தில் மாத்திரமே என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது, 2024-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை கூட்டிய அறிஞர் குழுவினர், மறதி நோயில் 100-க்கு சுமார் 45 பங்கு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு சம்பந்தப்பட்டது என்கின்றார்கள். ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, குடி, காது கேளாமை, கண் மங்கல், தனிமை இவையெல்லாம் அதில் இருக்கின்றன. அந்த ஜாப்தாவில் சிறுவயதுக் கல்விக் குறைவும் ஒன்று என்பதைக் கேட்டீர்களா? ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துகின்றவர்கள், அவளுடைய எழுபதாம் வயதையும் சேர்த்துக் கெடுக்கின்றார்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. மறதி நோய் மனிதனிடமிருந்து முதலில் பணத்தை எடுப்பதில்லை, உயிரையும் எடுப்பதில்லை; தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கின்ற சக்தியை எடுக்கின்றது. புத்தி தெளிவாக இல்லாத கிழவரிடம் கைநாட்டு வாங்கி, நிலத்தை ஒரு மகன் எழுதிக்கொண்டு மற்றவர்களைத் தெருவில் விட்ட சங்கதிகள் எத்தனை ஊரில் இல்லை? முன்கூட்டித் தெரிந்தால், “என் சொத்து இன்னின்னாருக்கு, என்னை இன்னார் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு இன்ன வைத்தியம் வேண்டும், இன்னது வேண்டாம்” என்று அந்த மனிதரே தம் வாயால் சொல்லி, தம் கையால் எழுதி வைக்கலாம். மருந்தில்லாத வியாதியிலும் மானத்தோடு இருக்க இது வழி செய்கின்றது. உண்மையை அவரிடமிருந்து மறைத்து வைப்பது, இந்த உரிமையைத் திருடுவதாகவே முடியும்.

ஆகையால் தோழர்களே! நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், பழகின வழியில் தடுமாறினாலும், கணக்கு வழக்கில் குழம்பினாலும், இல்லாததைக் கண்டதாகச் சொன்னாலும், ஏசாதீர்கள், அடிக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள். அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நரம்பு வைத்தியர் யார் என்று கேளுங்கள். என்னென்ன பரீட்சை, ஏன் என்று கேளுங்கள். ஜில்லா ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையானால், ஏன் இல்லை என்று உங்களிடம் ஓட்டுக் கேட்க வருகின்றவர்களைக் கேளுங்கள். நம்முடைய வார்த்தையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். படித்த டாக்டர் ஒருவரைக் கண்டு விசாரித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை ஏற்றுக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.